தெய்வச் செயலா? குழாய்க் கிணற்றின் செயலா?

வெள்ளம் வந்து ஓர் ஊர் அழிந்துவிட்டால் உடனே இரண்டு விதமான பேச்சுக் கிளம்புகிறது. பக்தர்கள் "ஆண்டவன் சோதனை" என்பார்கள். பக்தியை விட்டுவிட்டதாகச் சொல்லிக் கொள்ளும் படித்தவர்களோ "இயற்கை தன் சொத்தைத் தானே மீட்டுக் கொண்டது" என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் பெயரில்தான் வித்தியாசமே ஒழிய காரியத்தில் வித்தியாசமில்லை என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், "இது எப்படி நேர்ந்தது? யாரால் நேர்ந்தது?" என்கின்ற கேள்வியைக் கேட்கவொட்டாமல் செய்வதில் இரண்டும் ஒன்றேயாகும். இதற்கு அத்தாட்சியாக, அழிந்துபோன ஒரு குடியிருப்பின் சங்கதியை வாசகர்களுக்கு எடுத்துக் காட்டுகின்றோம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் நகரத்துக்குக் கிழக்கே பேடவுன் என்று ஓர் ஊர் உண்டு. பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊர். அதன் ஓரத்தில், மூன்று பக்கமும் குடாநீர் சூழ்ந்த ஒரு நிலத்தில், 1938-ஆம் வருஷம் முதல் வசதியுள்ளவர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். அதற்குப் பிரௌன்வுட் என்று பெயர். மரம் அடர்ந்த மனைகள். வாசலில் நின்றால் நீர்ப்பரப்பு. வர வர 400-க்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. ஆரம்பத்தில் அந்த நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 10 அடி வரையில் உயர்ந்திருந்தது. 1978-ஆம் வருஷத்துக்குள் அது 8 அடிக்கு மேல் தாழ்ந்து போய்விட்டது. கடல் 8 அடி ஏறி வரவில்லை. நிலம் 8 அடி இறங்கிப் போயிற்று!

பூமாதேவி பாரம் தாங்காமல் அமிழ்ந்தாளா? அல்ல. அந்தப் பிரதேசத்து ஆலைகளும் நகரங்களும் பல வருஷ காலம் ஓயாமல் ஆழ்குழாய்க் கிணறுகள் வைத்து நிலத்தடி நீரை உறிஞ்சின. அங்கே பூமிக்குள் மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறிக் கிடக்கின்றன. மேலேயுள்ள பாரத்தில் ஒரு பங்கைக் களிமண்ணுக்குள் இருக்கும் நீர்தான் தாங்கிக் கொண்டிருக்கிறது. நீர் வெளியேறியதும் களிமண் அமுங்கிவிடும். பிறகு எவ்வளவு நீர் ஊறினாலும் பழைய உயரம் திரும்பி வராது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

அதன் பலன் என்ன? 1961-இல் கார்லா என்ற புயல் வந்து அங்கு வெள்ளம் புகுந்தது. பிறகு புயல் வேண்டியதில்லை. சாதாரணமாகக் கடல் பொங்கும் நாளிலேயே தெருவில் தண்ணீர் நின்றது. 1974-இல் சுற்றுச் சாலையை உயர்த்திக் கரைபோலாக்கி, மழை நீரை வெளியேற்ற யந்திரம் வைத்தார்கள். சாலையும் நிலத்தோடு சேர்ந்து தாழ்ந்தது! 442 வீடுகளையும் விலைக்கு வாங்கி, ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றி, நிலத்தைப் பூங்காவாக்கிவிடலாம் என்று சர்க்கார் இஞ்சினீயர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். 1974-இல் 1 கோடியே 60 லட்சம் டாலர் என்று மதிப்பிட்ட செலவு, 1979-இல் 3 கோடியே 76 லட்சமாக ஏறிவிட்டது. அதில் 76 லட்சத்தை ஊரார் கொடுக்கவேண்டும். 1979 ஜூலை 23-ந் தேதி ஓட்டெடுத்ததில் திட்டம் தோற்றது. இரண்டே நாளில் 12 அங்குல மழை கொட்டி 187 வீடுகளில் வெள்ளம் புகுந்தது. 1980 ஜனவரியில் மறுபடியும் ஓட்டெடுத்தார்கள், மறுபடியும் தோற்றது. 1983 ஆகஸ்டு 18-ந் தேதி அலீசியா என்ற புயல் வந்தது. அத்தோடு பிரௌன்வுட் முடிந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள்.

ஓட்டளித்தவர்களை மூடர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. நீரை உறிஞ்சி லாபம் சம்பாதித்தவன் ஒருவனாயிருக்க, நிலம் தாழ்ந்ததற்கு ஊரார் வரி கொடுக்க வேண்டியது எந்த நியாயத்தின்படி?

இந்த இடத்தில்தான் "தெய்வச் செயல்" வந்து கைகொடுக்கிறது. மனிதனால் தடுக்க முடியாத பெரும் வெள்ளத்துக்கும் புயலுக்கும் இங்கிலீஷ் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் "தெய்வச் செயல்" என்றே பெயர். தெய்வத்தின் பேரில் யார் பிராது கொடுப்பது? எந்தக் கோர்ட் சம்மன் அனுப்பும்? புயல் மனிதன் செய்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 8 அடிப் பள்ளம்?

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. 1904-இல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு. ரயில்வே கம்பெனி ஒன்று பெரிய கிணறு வெட்டி நாளொன்றுக்கு 25,000 காலன் நீர் இறைத்தது. அண்டை வீட்டுக்காரரின் கிணறு வற்றிவிட்டது. அவருக்குக் கிடைத்த தீர்ப்பு என்ன? தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுக்க ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. நிலத்தடி நீரின் போக்கோ மறைவானது, ரகசியமானது, ஆகவே அதற்குச் சட்டம் வகுக்க முடியாது என்கின்ற பழைய வாதத்தையே கோர்ட்டார் ஏற்றுக்கொண்டார்கள். கோவிலில் புரோகிதர் சொல்லும் "பரம ரகசியம்" கோர்ட்டிலும் ஏறிவிட்டது பாருங்கள்! அந்த ரகசியத்தின் நிழலில்தான் குழாய்க் கிணறுகள் பெருகின. நிலம் தாழ்ந்ததற்காக வேறு நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில், 1978-இல் அதே கோர்ட், இனிமேல் அஜாக்கிரதையாக நீர் எடுத்து நிலத்தைத் தாழ்த்துகிறவர்கள் பொறுப்பாளிகள் என்று கூறிற்று. ஆனால் நடந்துபோனதற்கு ஈடு இல்லை!

ரகசியத்தை உடைத்தது எது? பூஜையா, பிரார்த்தனையா? அளவுகோல்! நிலம் எவ்வளவு தாழ்கிறது, கிணற்று நீர் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார்த்தார்கள். 1975-இல் மாகாணச் சட்டசபை, நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த ஒரு தனி ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. ஆலைகள் ஏரி நீருக்கும் ஆற்று நீருக்கும் மாறின. அந்தக் கரையோரத்தில் நிலம் தாழ்வது பெரும்பாலும் நின்றுவிட்டது. தெய்வச் செயலாயிருந்தால் குழாயை மூடியதும் நிற்பானேன்?

இன்று பிரௌன்வுட் சுமார் 450 ஏக்கர் கொண்ட இயற்கைப் பூங்கா. வீடுகள் நின்ற இடத்தில் கோரையும் புல்லும். கொக்கும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மேய்கின்றன. பழைய தெருக்களின் அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைக் கண்டுதான் "இயற்கை மீட்டுக்கொண்டது" என்கிறார்கள். அதிலும் பாதிதான் உண்மை. 1990-களில் அங்கே வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நிலம் அமைத்தவர்கள் மனிதர்கள். அதற்குப் பணமும், வேறோர் இடத்தில் விஷக்கழிவு கொட்டிய கம்பெனிகளிடமிருந்து, அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகச் சர்க்கார் வாங்கியது. கெடுத்ததும் மனிதன், சீர்செய்ததும் மனிதன். பெயர் மட்டும் இயற்கைக்கா?

தோழர்களே! கொக்கு மேய்வதைக் காண நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் அந்தக் கொக்குக்குக் கீழே, ஒரு காலத்தில் குழந்தைகள் விளையாடிய திண்ணைகள் கிடக்கின்றன. இனி எந்த ஊர் முழுகினாலும், "ஆண்டவன் ஏன் சோதித்தான்?" என்று கேட்காதீர்கள். நிலத்தின் உயரம் முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு, இடையில் நீரை எடுத்தவன் யார், லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் உண்டு. பதில் சொல்லவேண்டிய ஆளும் உண்டு.