“அங்கிள், உங்க ரேட்டிங் எவ்ளோ?” - செஸ் போர்டு முன் கேட்கப்படும் கேள்விக்கு ஏன் சரியான பதில் இல்லை?

சென்னையில் ரேட்டிங் செஸ் போட்டி நடக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், பள்ளிக்கூட ஹாலுக்குப் போனாலும், முதல் சுற்று தொடங்கும் முன் காதில் விழுவது ஒரே கேள்விதான். “உங்க ரேட்டிங் எவ்ளோ?” எட்டு வயதுப் பையன் எதிரில் வந்து உட்காரும் ஐம்பது வயது வங்கி ஊழியரிடம் கூச்சமே இல்லாமல் கேட்பான். 1700 என்று அவர் சொன்னதும் பையன் தலையாட்டிவிட்டு காய்களைச் சரிசெய்வான். பையன் 1450 என்றதும் அவருக்கு வயிற்றில் புளி கரையும்.

இத்தனைக்கும் யாருக்கு யார் எதிராளி, யாருக்கு என்ன ரேட்டிங் என்ற பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். செல்போனிலும் வந்துவிடும். தெரிந்த விஷயத்தையே எதற்காகக் கேட்க வேண்டும்? 1450 என்ற சின்ன எண்ணைக் கேட்டு 1700 ஏன் பயப்பட வேண்டும்?

டென்னிஸில் எப்படிக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வி செஸ்ஸுக்கு மட்டும் உரியதல்ல. மயிலாப்பூர், அடையாறு பக்கம் காலையில் டென்னிஸ் ஆடுபவர்களும் இதையே கேட்கிறார்கள், சுற்றி வளைத்து. “எங்க சார் ஆடுவீங்க? காலேஜ் டீம்ல இருந்தீங்களா?” என்று ஆரம்பிக்கும். “சும்மா வாரக் கடைசியில தட்டுவேன் சார்” என்று பதில் வரும். அப்படிச் சொன்னவர் இடது கையால் சுழற்றி ஒரு சர்வ் போட்டதும்தான் உண்மை தெரியும். வாரக் கடைசி ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொது எண் இங்கே இல்லை. அதனால்தான் டபுள்ஸ் போட்டிகளில் இருவரின் வயதையும் கூட்டி 90-க்கு மேல், 100-க்கு மேல் என்று பிரிக்கிறார்கள். வயதை மறைப்பது திறமையை மறைப்பதைவிடக் கஷ்டம்.

அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் லீக்குகளில் எண் உண்டு. 3.0, 3.5, 4.0 என்று அரைப் புள்ளி வீதம் ஏறும் என்டிஆர்பி அளவுகோல் அது. புதிதாக வருபவர் தன் நிலையைத் தானே மதிப்பிட்டுச் சேரலாம். குறைத்துச் சொல்லிச் சேர்ந்து எல்லோரையும் துவைத்தெடுத்தால், மூன்று முறை வரம்பு மீறியதும் அந்தப் பிரிவிலிருந்து தூக்கிவிடுவார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ‘வேர்ல்டு டென்னிஸ் நம்பர்’ தலைகீழானது. புதியவருக்கு 40, உச்சத்தில் இருப்பவருக்கு 1.

செஸ்ஸில் இந்தக் குழப்பம் இல்லை. உலகம் முழுக்க ஒரே அளவுகோல். ஆனால் அங்கேதான் சிக்கல் இன்னும் ஆழமாக இருக்கிறது.

எண் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் எலோ உருவாக்கிய முறை இது. ஹங்கேரியில் பிறந்தவர். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் இதை ஏற்றுக்கொண்டன. அடிப்படை எளிது. இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தைப் பார்த்தால், பல ஆட்டங்கள் ஆடினால் யார் எத்தனை புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 200 வித்தியாசம் என்றால் பலமானவர் 100 ஆட்டத்தில் 76 புள்ளி எடுக்க வேண்டும். எதிர்பார்ப்புக்கு மேல் எடுத்தால் ரேட்டிங் ஏறும், கீழே போனால் இறங்கும். அவ்வளவுதான். இது நேற்றுவரை நடந்ததன் கணக்கு, இன்றைய பலத்துக்கான சான்றிதழ் அல்ல.

சென்னை செஸ் இந்த எண் இல்லாமல்தான் வளர்ந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன், 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிய இடம் அது. அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். அப்போது ஃபிடே பட்டியலில் இடம்பெறவே சுமார் 2200 வேண்டும் என்பதால், சாதாரணப் பையன்களுக்கு எண்ணே கிடையாது. நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் ரேட்டிங்.

பிறகு ஃபிடே அந்தத் தரையைப் படிப்படியாக இறக்கி, 2012-ல் 1000 வரை கொண்டுவந்தது. ஆடத் தெரிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எண் கிடைத்தது. பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு எண் கிடைத்தது. தி. நகரில் கோச்சிங் வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாக்களின் பேச்சில், மார்க் ஷீட்டுக்கு அடுத்த இடம் இப்போது இதற்குத்தான்.

வங்கி ஊழியர் ஏன் பயப்படுகிறார்?

கணக்குப் போட்டால் புரியும். அவர் 1700, பையன் 1450. வித்தியாசம் 250. ஃபிடே அட்டவணைப்படி அவர் எடுக்க வேண்டியது 0.81 புள்ளி. ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது 4 புள்ளிக்கும் குறைவு. டிரா செய்தாலே 6 போகும். தோற்றால் 16 போகும். காரணம், 30 ஆட்டங்களைத் தாண்டிய, 2400-ஐத் தொடாத பெரியவருக்கு ‘கே’ எனப்படும் பெருக்கல் எண் 20. 18 வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழே இருக்கும் பையனுக்கு அது 40. ஆகவே அதே ஆட்டத்தில் அவனுக்கு 32 புள்ளி ஏறும்.

குழந்தைகள் வேகமாக முன்னேறுவார்கள், அவர்களின் எண்ணும் வேகமாக நகர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த 40. அப்படியும் போதவில்லை. பையன் தினமும் பயிற்சி செய்கிறான், ஆன்லைனில் ஆடித் தள்ளுகிறான், இதெல்லாம் எண்ணில் ஏறாது. ரேட்டிங் போட்டியில் ஆடியது மட்டுமே ஏறும், அதுவும் மாதம் ஒருமுறை பட்டியல் வரும்போது. தேர்வு முடிந்து கோடை விடுமுறையில் திரும்பி வரும் பையனின் 1450 என்பது ஆறு மாதத்துக்கு முந்தைய பையனின் எண்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்க் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னேறினால், ஒருவன் ஏறும்போது இன்னொருவன் இறங்க வேண்டும். மொத்தக் கூட்டமும் பலமாகிறது, சராசரி எண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வந்ததும் பல பேர் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். சேர்த்த புள்ளிகளும் அவர்களோடு போய்விடும். இந்தியாவில் 1500 என்றால் வேறு, எங்கள் ஊரில் 1500 என்றால் வேறு என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பது இதனால்தான். முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது குழந்தைகளின் தவறல்ல.

2024-ல் என்ன மாறியது?

கீழ்மட்ட ரேட்டிங்குகள் உண்மையான பலத்தைவிடத் தாழ்ந்துவிட்டன என்று புள்ளியியல் ஆய்வாளர் ஜெஃப் சோனாஸ் காட்டியதை அடுத்து, மார்ச் 1, 2024 அன்று ஃபிடே ஒரே அடியில் திருத்தம் செய்தது. 2000-க்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும், 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1000 இருந்தவர் 1400 ஆனார். 1200 இருந்தவர் 1520, 1600 இருந்தவர் 1760. இனி 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது, இறங்கினால் ரேட்டிங் இல்லாதவர்தான்.

இதனால் யாருடைய ஆட்டமும் ஒரு காய்கூட முன்னேறவில்லை. ஆனால் பரிசுப் பிரிவுகள் குழம்பின. இந்தியாவில் ‘1600-க்குக் கீழே’ என்று தனிப் போட்டிகளே நடந்துவந்தன. திருத்தத்தால், முன்பு 1334 இருந்தவரே 1600-ஐத் தாண்டிவிட்டார். அமைப்பாளர்கள் கோட்டை மேலே நகர்த்த வேண்டியதாயிற்று.

அந்தக் கோடுதான் எல்லா வினைக்கும் மூலம். டெல்லி ஓபன் போன்ற பெரிய போட்டிகளில் ஏ, பி, சி என்று ரேட்டிங் வாரியாகப் பிரிவுகள் உண்டு. கீழ்ப் பிரிவிலும் கணிசமான பரிசுப் பணம். சாதாரண ஆட்டக்காரருக்கும் பரிசு கிடைக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். ஆனால் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவருக்குப் பரிசு இல்லை, சற்றுக் கீழே இருப்பவருக்கு உண்டு. அப்படியென்றால் சிறிய போட்டி ஒன்றில் இரண்டு ஆட்டம் விட்டுக்கொடுத்து இறங்கினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றாமல் இருக்குமா? வேண்டுமென்றே தோற்றதை நிரூபிப்பதும் கஷ்டம். ராணியை இழந்த ஒருவர் “கவனிக்கல சார்” என்றால் நடுவர் என்ன செய்ய முடியும்?

அமெரிக்க செஸ் கூட்டமைப்பு இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஒருவர் தொட்ட உச்சத்திலிருந்து சுமார் 200 புள்ளிக்கும் கீழே அவரது ரேட்டிங் சாதாரணமாக இறங்க முடியாது. ஃபிடேவில் தனிநபருக்கு அப்படியொரு தரை இல்லை. ஆனால் ஒவ்வொருவரின் பழைய ரேட்டிங் வரைபடமும் ஃபிடே தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பிரிவைத் தீர்மானிக்க இன்றைய எண்ணுக்குப் பதில் கடந்த ஓரிரு ஆண்டின் உச்ச எண்ணைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஃபிடே வரை போக வேண்டியதில்லை, போட்டி அறிவிப்பில் ஒரு வரி போதும்.

உச்சத்தில் இருப்பவர்களும் விலக்கல்ல

கீழே இருப்பவர் எண்ணை இறக்கப் பார்க்கிறார் என்றால், மேலே இருப்பவர் ஏற்றப் பார்க்கிறார். 2023 டிசம்பரில் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ரேட்டிங் வழியாக ஓர் இடம் பாக்கி. அதைப் பிடிக்க அலிரேசா ஃபிரூஜா பிரான்ஸின் சார்ட்ர் நகரில் அவசரமாக ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்டங்களில் ஆடினார். அவற்றைக் கணக்கில் சேர்க்க ஃபிடே மறுத்தது. பிறகு ரூவென் ஓபனில் ஆடி இடத்தைப் பிடித்தார். அதே மாதம் எம்.ஆர்.சி. நகரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் குறுகிய அவகாசத்தில் நடத்திய சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியில் குகேஷ் வென்றார். அது ரேட்டிங் இடத்துக்கானது அல்ல, ஃபிடே சர்க்யூட் புள்ளிகளுக்கானது. ஆனால் அந்தப் புள்ளிகளும் போட்டியாளர்களின் சராசரி ரேட்டிங்கை வைத்தே கணக்கிடப்பட்டன. அந்த வழியில்தான் அவர் கேண்டிடேட்ஸுக்குள் நுழைந்து, ஓராண்டில் உலக சாம்பியன் ஆனார்.

2025-ல் ஹிகாரு நாகமுரா, தேவையான ஆட்ட எண்ணிக்கைக்காக அமெரிக்காவின் சிறிய போட்டிகளில் தன்னைவிட மிகக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடினார். வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும் 400 என்றே கொள்ளும் பழைய விதிப்படி, அவருக்கு வெற்றிக்கு 0.8 புள்ளி நிச்சயம். அக்டோபர் 1, 2025 முதல் 2650-க்கு மேல் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

வங்கி ஊழியருக்கும் பையனுக்கும் எந்த விதியும் மாறவில்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால், “ரேட்டிங் எவ்ளோ தம்பி?” என்பதற்குப் பதில் “கடைசியா எப்போ டோர்னமென்ட் ஆடின?” என்று கேட்கலாம். “போன நவம்பர் அங்கிள்” என்று வந்தால், 1450-ஐ மறந்துவிட்டு ஆடுவது நல்லது.