எற்பாட்டிடம் சொன்னது

சங்க இலக்கியம் நடத்திப் பிழைக்கும் ஒருத்தி, நாற்பது வயதைக் கடந்த பிறகு, தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடரில் இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் காதலிப்பதைக் கண்டு அழுகிறாள் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நான் அழுதது உண்மை. ஏன் அழுதேன் என்பதைத்தான் சில ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கியது 2020 ஊரடங்கில். திருவரங்கத்தில் கோயில் நடை பக்தர்களுக்கு அடைத்திருந்தது. உத்திர வீதியில் பகலிலேயே ஆளரவம் இல்லை. மாணவி ஒருத்தி ‘டுகெதர்’ என்ற தொடரின் சுட்டியை அனுப்பி வைத்தாள். தன்னைத் துரத்தும் ஒருவனிடமிருந்து தப்ப, ஒரு கல்லூரி மாணவன் இன்னொருவனைத் தன் காதலனாக நடிக்கச் சொல்கிறான், நடிப்பு மெய்யாகிறது. அவ்வளவுதான் கதை. இலக்கியத் தரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆயினும் பதின்மூன்று பகுதிகளையும் மாமியார் உறங்கிய பின் அலைபேசியில் பார்த்து முடித்தேன். ‘பாய்ஸ் லவ்’ என்று இவ்வகைக்குப் பெயர் என்பதும், 1970களில் ஜப்பானியப் பெண் ஓவியர்கள் பெண் வாசகருக்காக வரைந்த சித்திரக்கதைகளில் இது வேர்கொண்டது என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

என்னைச் சாய்த்தது அதே ஆண்டு வந்த மற்றொன்று: ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’. ஐந்தே பகுதிகள். களம் புக்கெட் தீவு. சிறுவயதில் மனத்தாங்கலால் பிரிந்த இரு நண்பர்கள், பல்கலைக்கழக நுழைவுக்காகச் சீனமொழி கற்கும் வகுப்பில் மீண்டும் சந்திக்கிறார்கள். ஒருவன் மற்றவனுக்குச் சீனச் சொற்களைக் கற்றுக்கொடுக்கிறான். சொல் ஒவ்வொன்றாகக் கற்கும்போது, தனக்குள் இருப்பதற்கு மட்டும் சொல் இல்லை என்பது அவனுக்குத் தெரியவருகிறது.

தலைப்பைக் கண்டபோதே நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதிரவன் மறையும் பொழுதிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன் என்பது அதன் பொருள். நெய்தல் திணையின் நிலம் கடலும் கடல்சார்ந்த இடமும், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். (எற்பாடு எது என்பதில் உரையாசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. நான் சூரியன் படும் பொழுது என்றே கொள்பவள்.) நெஞ்சில் உள்ளதை மனிதரிடம் சொல்ல மாட்டாத நெய்தல் தலைவி கடலிடமும் நண்டிடமும் நாரையிடமும் சொல்வாள். அதற்குக் ‘காமம் மிக்க கழிபடர் கிளவி’ என்று துறைப்பெயரே உண்டு. புக்கெட்டில் படமெடுத்தவர்களுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கடலும் மாலையும் திரும்பத் திரும்ப வரும் ஒரு செம்பருத்தியும் அத்தொடரில் ஒப்பனையாக நிற்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல இயலாத இருவருக்காக அவை பேசின. கருப்பொருள் உரிப்பொருளைச் சுமக்கும் வித்தையை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அது என் கண்முன் நடந்ததைப் பார்த்தது அன்றுதான்.

இவ்வகையின் குறைகள் தெரியாமல் பேசவில்லை. பல தொடர்கள் ஒரே அச்சில் வார்த்தவை. வசதியான வீட்டுப் பையன்கள், இடையிடையே விளம்பரப் பொருள்கள், பழைய தொடர்களில் விருப்பமறியாமல் தொடுவதையே காதலென்று காட்டும் அருவருப்பு. ‘எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்’ என்று நாயகன் சொல்லும் இடம் வந்தாலே எரிச்சல் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் அத்தகைய மனிதர்கள் அனைவரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். நடிகர் இருவரை மெய்வாழ்விலும் இணையாகக் காட்டி விற்கும் வணிகமும் உண்டு. பெண்கள் ஆண்களின் காதலை வேடிக்கை பார்ப்பது நியாயமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெண்ணின் பிரிவாற்றாமையை ஆண்புலவர்கள் எழுதி ஆண்கள் உரை கண்டதை நாம் ஈராயிரம் ஆண்டுகளாக வேடிக்கைதானே பார்க்கிறோம் என்றேன். அது விடை ஆகாது என்று எனக்கும் தெரியும்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியது அதுதான்.

திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்துதான் நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறேன். தென்கரையில் உறையூர் இருக்கிறது, கோப்பெருஞ்சோழன் ஆண்ட ஊர். மக்களோடு ஏற்பட்ட பகையால் உள்ளம் உடைந்து அவன் வடக்கிருந்தது ஓர் ஆற்றிடைக்குறையில் என்று புறநானூறு சொல்கிறது. எந்த இடைக்குறை என்று சொல்லவில்லை. தீவில் குடியிருப்பவள் என்பதால் எனக்கு ஓர் ஆசை உண்டு, அவ்வளவே. கூடவே இருந்த பொத்தியாரை, மனைவிக்கு மகன் பிறந்த பின் வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிடுகிறான். நேரில் கண்டறியாத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வருவார் என்கிறான். கேள்விப்பட்டதோடு சரி, வருவது அரிது என்று ஐயுறுகிறார்கள். அவர் தம் பெயரைக் கேட்டால் என் பெயரையே சொல்பவர், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். 216ஆம் பாட்டு. அவரும் வந்து உடன் அமர்ந்து உயிர்விட்டார்.

2022இல் இப்பாட்டை நடத்தி முடித்தபோது கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். “அம்மா, இவங்க ரெண்டு பேரும் காதலர்களா இருந்திருக்கலாமா?” என்றான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. “அது நட்பு. அடுத்த பாட்டுக்குப் போவோம்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அதன் பின் அந்த ஆண்டு முழுதும் அவன் எதையும் கேட்கவில்லை.

என் விடை பிழையன்று. உணர்ச்சி ஒன்றே நட்புக்குப் போதும் என்னும் குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டு இவ்விருவர்தாம். மேலும், பெயர் சுட்டினால் அகம் ஆகாது என்பது மரபு. சோழன் என்றும் ஆந்தை என்றும் பெயர் வந்த பின் அது புறம்தான். அவர்களைக் காதலர் என்று சொல்லச் சான்று எதுவும் இல்லை. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் சொன்னது ஐந்து சொல், சிரிப்பை அடக்கவும் மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்கவும்.

அன்று இரவு நான் பார்த்துக்கொண்டிருந்தது, 2019இல் வெளிவந்த சீனத் தொடர் ‘தி அன்டேம்ட்’. ஐம்பது பகுதிகள். மூலநாவலில் நாயகர் இருவரும் காதலர்கள், திருமணமும் செய்துகொள்கிறார்கள். சீனத் திரையில் அதற்கு இடமில்லை. ஆகவே காதலை எடுத்துவிட்டு, ஒருவரையொருவர் உள்ளபடி அறிந்த நண்பர்கள் என்று ஆக்கினார்கள். அதற்குச் சீனத்தில் ‘ஜிஜி’ என்று அழகான பழஞ்சொல் உண்டு. நண்பன் இறந்ததும், கேட்க இனி ஆளில்லை என்று யாழ்நரம்பை அறுத்த ‘போயா’ என்னும் இசைஞனின் கதை அவர்களுக்குக் கோப்பெருஞ்சோழன் கதை போன்றது. தொடரில் ஒருவன் மாண்டான் என்று ஊர் நம்பிய பதினாறு ஆண்டுகள் மற்றவன் காத்திருக்கிறான். காதல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பார்ப்பவர் எவருக்கும் ஐயமும் இல்லை. நட்பு என்ற உயர்ந்த சொல்லைத் தணிக்கைக்காரர் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பகலில் என் வகுப்பில் நான் செய்ததும் அதையேதான். சொல் சரி. அதை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பது சரியில்லை.

சொல்லைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லவேண்டும். எங்கள் தலைமுறை செய்தித்தாளில் படித்த ‘ஓரினச்சேர்க்கை’ செயலை மட்டும் சுட்டும் சொல். மனத்துக்கு அதில் இடமில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலில் 2022இல் தமிழக அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் ‘தன்பாலீர்ப்பு’ வந்தது. ஈர்ப்பு என்றதும் அகத்திணைக்காரிக்கு ஓர் ஆறுதல். சட்டம் வேறு வேகத்தில் நடக்கிறது. 2018இல் உச்சநீதிமன்றம் குற்றம் என்பதை நீக்கியது. 2023இல் திருமண உரிமை தர மறுத்தது. இத்தொடர்களை ஏற்றுமதி செய்யும் தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் பதிவு செய்யலாம்.

புக்கெட் தொடரில் ஒரு கட்டம். தனக்குக் கிடைத்த பல்கலைக்கழக இடத்தை ஒருவன் விட்டுக்கொடுக்கிறான், காத்திருப்போர் வரிசையில் இருப்பவனுக்கு அது போய்ச் சேரட்டும் என்று. தாய் துடித்துப்போகிறாள்; அறிவுடையோர் எவரும் செய்யாத காரியம். நான் அழுதது இந்த இடத்தில்தான். இடம் ஒழிப்பது என்றால் என்ன என்று உரையில் படித்தவள் நான்.

அந்த மாணவன் படிப்பை முடித்துப் போய்விட்டான். கோவையில் வேலை என்று கேள்வி. சென்ற ஆண்டு ஆசிரியர் நாளன்று வாழ்த்து அனுப்பியிருந்தான். நன்றி சொல்லிவிட்டு, அன்று நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாக விடை சொல்லவில்லை என்று எழுதினேன். நெடுநேரம் மறுமொழி இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தாய்லாந்துத் தொடரின் பெயர் மட்டும் வந்தது. மூன்றாம் பகுதி வரை பார்த்திருக்கிறேன்.