இளைப்பு நோயருக்கு ஆளுக்கேற்ற நடை

வானூர்ப் பக்கத்துச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நெடுநாளைய அங்கத்தினர் ஒருவர் இரண்டு படி ஏறியதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள் வீட்டில்” என்றார். தறியில் அமர்ந்து ஓராண்டாகிறதாம். வீட்டார் சொன்னது அன்பினால்தான். ஆயினும் அது தவறென்பதே என் கருத்து.

பீடி, விறகடுப்புப் புகை, பஞ்சுத் தூசி, முன்பு வந்து ஆறிய காசநோய் ஆகியவற்றால் நுரையீரல் கெட்டவர்கள் நம்மிடையே உண்டு. கெட்ட பகுதி மீளாது. ஆனால், சும்மா இருக்க இருக்கக் கால் தசையும் வலுவிழக்கிறது. வலுவிழந்த தசை அதே வேலைக்கு அதிகக் காற்றைக் கேட்கும். இளைப்பு இன்னும் கூடும். பயிற்சி நுரையீரலைப் புதுப்பிப்பதில்லை. குறைந்த காற்றில் கூடிய வேலை செய்யத் தசையைப் பழக்குகிறது.

எவ்வளவு பயிற்சி? நம் சங்கங்கள் எல்லோருக்கும் ஒரே தொகையைக் கடனாகக் கொடுப்பதில்லை; அவரவர் சக்தி பார்த்தே கடன் எல்லை வகுக்கிறோம். வைத்தியர்களும் அவ்வாறே 30 மீட்டர் சமதளப் பாதையில் 6 நிமிடம் நடக்கச் செய்து, கடந்த தூரத்தையும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் குறித்து, ஆளுக்கேற்ற வேகத்தை வகுக்கிறார்கள். தம் இளைப்பை 0 முதல் 10 வரை நோயரே மதிப்பிடுவார். 4ஐ ஒட்டி நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. வாரம் இரண்டு மூன்று நாளாக எட்டு வாரமாவது தொடர வேண்டும். இருதய நோயும் உடையவர் டாக்டரைக் கேளாமல் தொடங்கலாகாது.

அதற்காக வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலியும் பஸ் கட்டணமும் போகுமே என்பீர்கள். நியாயமே. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்டவரும் சானடோரியத்தில் படுத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததை 1959இல் உலகுக்குக் காட்டியது. இளைப்பு நோயருக்கு வீட்டிலேயே அளிக்கும் பயிற்சியும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் குறைந்ததன்று என ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2017இல் கூறியது. ஆகவே முதல் அளவெடுப்பை ஆஸ்பத்திரியில் முடித்துக்கொண்டு, எஞ்சியதை ஊரிலேயே செய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வருகிறவரிடம் பக்கவாதக்காரரை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள்.

பாவு நீட்டும் தெரு நேராகவும் சமதளமாகவும் இருக்கும். அதில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் கல் நடச் சங்கத்துக்கு என்ன பெருஞ்செலவு? உப்பளக் கரை வெயிலுக்கு விடியற்காலை நடையே உசிதம். அடுத்த முறை வரும்போது கற்கள் இருக்க வேண்டுமென்று அந்தச் சங்கத்துக் காரியதரிசியிடம் சொல்லி வந்திருக்கிறேன். இதை ஆய்வுக் குறிப்பில் எழுதவில்லை. எழுத அதில் இடமும் கிடையாது.