அலட்சியம் யாருடையது?

உயர் இரத்த அழுத்த மாத்திரையை ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டால், ஆய்வுக் கட்டுரைகள் அதற்குச் சூட்டும் பெயர் ‘மருந்தைப் பின்பற்றாமை’. பழி முழுவதையும் நோயாளியின் தலையில் இறக்கிவைக்கும் சொல் அது. எதை, ஏன் பின்பற்ற வேண்டும் என்று அவருக்கு யாரேனும் சொன்னார்களா என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

அவர் அறிய வேண்டியவை சில செய்திகளே. அழுத்தம் இயல்பாக இருப்பது மருந்து வேலை செய்வதால்தான். நோய் தீர்ந்ததால் அன்று. அட்டெனோலாலைத் திடீரென நிறுத்தினால், இதய நோயுள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். டெல்மிசார்ட்டன் கருவிலுள்ள சிசுவின் சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும். அதனுடன் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையும் உண்பவர், மூட்டுவலிக்கென டைக்ளோஃபினாக்கைத் தானே வாங்கி விழுங்கினால், அவருடைய சிறுநீரகமே செயலிழக்கலாம். ஒருவேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக உண்ணக் கூடாது.

இவற்றைச் சொல்வது யார்? மருத்துவருக்கு நேரமில்லை. மாத்திரை அட்டை ஆங்கிலத்தில் பேசுகிறது. பெட்டிக்குள் குறிப்புத்தாள் இருந்தாலும் அது மருத்துவருக்காக எழுதப்பட்டது. பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் நான்கு மாத்திரைகளை வெட்டித் தரும்போது காலாவதித் தேதியும் சில வேளை மறுபாதியோடு போய்விடுகிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் ‘எச்’ அட்டவணை மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்கின்றன. நடைமுறையிலோ பழைய அட்டையை நீட்டினாலே பல கடைகளில் மருந்து கிடைக்கும்.

பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி அஞ்சி நிறுத்திவிடுவார் என்பது வழக்கமான மறுப்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ அதைச் சரிசெய்யலாம் என்று முன்பே அறிந்தவர் மருத்துவரிடம் திரும்புவார். அறியாதவர்தான் அஞ்சி மாத்திரையைக் கைவிடுவார். எழுத்தறியாதவருக்குத் தாள் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. வங்காளமோ ஒடியாவோ தமிழோ நன்கு படிப்பவரையும் அந்த ஆங்கில அட்டை எழுத்தறியாதவராக்கி நிறுத்துகிறதே, அதற்கு என்ன விடை?

ஐரோப்பிய ஒன்றியத்தில், நோயாளிக்கான குறிப்புத்தாள் அந்தந்த நாட்டின் அலுவல் மொழியில் மருந்தோடு வர வேண்டும் என்பது சட்டம். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை ஏற்றிவைத்திருக்கும் நாடு, மாத்திரை அட்டைக்கு ஒரே மொழி போதும் என்று கருதுவது அறிவியலும் அன்று, சிக்கனமும் அன்று. தன் மொழியில் எழுதிய குறிப்பு கைக்கு வந்த பிறகும் ஒருவர் மருந்தை நிறுத்தினால் அதைப் பின்பற்றாமை எனலாம். அதுவரை அந்தச் சொல் நோயாளிக்கு உரியதன்று, அமைப்புக்கு உரியது.