'ஓம்' வேறு, சம்மதம் வேறு



சென்ற மாதம் ஒரு சகோதரி எனக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். முன்பு எங்கள் நிலையத்தின் தையல் வகுப்புக்கு வந்துபோனவர். கணவர் கூப்பிட்டு, மகளுடன் பிரான்சுக்குப் போய் இரண்டரை வருடமாகிறது. பாரிஸ் நகருக்கு வெளியே ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். "மிஸ், நீங்கள் சொல்லித்தந்த சொல்லாலைதான் மாட்டுப்பட்டனான்" என்று சிரித்துக்கொண்டே தொடங்கினார். கதையைக் கேட்டு முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். பிரெஞ்சு மொழியை ஆர்வத்தால் மாலை வகுப்பில் ஒன்றரை வருடம் படித்தேன். அந்தச் சிறிய அறிவை வைத்துக்கொண்டு, விசாவுக்குக் காத்திருந்த அவருக்கு நாலு சொல் சொல்லிக் கொடுத்தேன். அதில் முதலாவது "தக்கோர்". "எங்கடை 'ஓம்' மாதிரித்தான், இதைச் சொன்னால் சமாளிக்கலாம்" என்றேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊரில் யாரும் கதைக்கும்போது "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே கேட்பது வழக்கம். "நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்" என்பது மட்டுமே அதன் பொருள். பிரெஞ்சில் "தக்கோர்" என்றால் "சம்மதம்", "ஒத்துக்கொள்கிறேன்" என்று பொருள். அந்தச் சகோதரியின் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, காலை வேலையை மாலைக்கு மாற்றுவதைப் பற்றிக் கதைத்திருக்கிறார். இவர் ஒவ்வொரு வசனத்துக்கும் "தக்கோர், தக்கோர்" என்று தலையாட்டியிருக்கிறார். அடுத்த கிழமை புதிய நேர அட்டவணை வந்தது. கணவருக்கு உணவகச் சமையலறையில் இரவு வேலை. மகளுக்கு நாலரை மணிக்குப் பாடசாலை விடும். எட்டு வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? "நீங்கள்தானே சம்மதம் என்று சொன்னீர்கள்?" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது இவரிடம் பதில் இல்லை.

அந்த மேற்பார்வையாளர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தன் மொழியில் கேட்டதை அவர் அப்படியே விளங்கிக்கொண்டார். நான் அந்தச் சகோதரிக்குத் தலையாட்டச் சொல்லிக் கொடுத்தேன். கருத்துச் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது மொழிக் குறைபாடு மட்டுமல்ல. சோதனைச் சாவடியில், நிவாரண வரிசையில், 2009 இல் முகாமில், கேட்டதற்கெல்லாம் "ஓம்" என்று சொல்லித்தான் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். அன்று அது எங்களைக் காப்பாற்றியது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி எங்களுடனேயே வந்துவிடுகிறது. வாய் திறக்க வேண்டிய இடத்திலும் தலைதான் ஆடுகிறது.

ஆகவே பிரான்சுக்குப் புறப்படும் சகோதரிகள் முதலில் பாடமாக்க வேண்டிய வசனம் இது என்று இப்போது நினைக்கிறேன்:

"ஜு கொம்ப்ரான், மே ஜு நு சுயி பா தக்கோர்."

"விளங்குகிறது, ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை" என்பது இதன் பொருள். விளங்குவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதை இந்த ஒரே வசனம் பிரித்துக் காட்டிவிடும். மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது "தக்கோர்" என்று சொல்லாதீர்கள். "ஜு கொம்ப்ரான்" என்று சொல்லுங்கள். விளங்காவிட்டால் "வூ பூவே ரெபெத்தே?" (திருப்பிச் சொல்வீங்களோ?) என்று கேளுங்கள். பேச்சு வழக்கில் "நு" என்ற சொல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். மறுப்பைச் சுமப்பது பின்னால் வரும் "பா". தமிழிலும் "சம்மதம் இல்லை" என்று மறுப்பு கடைசியில்தானே வருகிறது! ஆகவே "பா" காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழில் சரியாக எழுத முடியாது. கைபேசியில் ஒரு தடவை ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கருத்துச் சொல்வதற்கு மூன்று தொடக்கங்கள் போதும். "ஜு பான்ஸ் கு" என்றால் "நான் நினைக்கிறேன்". "அ மொனவி" என்றால் "என்னுடைய அபிப்பிராயத்தில்". "பூர் முவா" என்றால் "என்னைப் பொறுத்தவரை". பிறகு "பார்ஸ் கு" (ஏனென்றால்) என்று காரணத்தைச் சேர்த்துவிடுங்கள். காரணம் சொல்லிக் கதைக்கும் பெண்ணைப் "பிடிவாதக்காரி" என்று தள்ளிவிடுவது கடினம்.

மரியாதை போய்விடுமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. பிரெஞ்சில் மரியாதைக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. அவர்களுக்கு இரண்டே படி: நெருக்கமானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் "து", மற்றவர்களுக்கு "வூ". அலுவலகம், கடை, பாடசாலை, வைத்தியசாலை எங்கும் "வூ" என்றே தொடங்குங்கள். "போன்ஜூர் மதாம்", "போன்ஜூர் முஸ்யோ" என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அங்கே அது பெரிய மரியாதைக் குறைவு. "ஜு வ" (எனக்கு வேணும்) என்று கேட்டால் சிறுபிள்ளை அடம்பிடிப்பது போல ஒலிக்கும். "ஜு வூத்ரே" என்றால் "தந்தால் நல்லது" என்ற தன்மை வந்துவிடும். "தா" என்பதற்கும் "தருவீங்களோ" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பேரம் பேசுவதும் எங்களுக்குப் புதிதல்ல. சந்தையில் மீன்காரரிடம் கதைத்து விலை குறைப்பவர்கள்தானே நாங்கள். முழுதாக மறுத்தால் பேச்சு முடிந்துவிடும். முடியாததைச் சொல்லி, முடிந்ததை முன்வைத்தால் பேச்சு தொடரும். "ஜு நு ப பா" (என்னால் முடியாது) என்று சொன்ன கையோடு "எ சி..." என்று தொடங்குங்கள். "எ சி ஜு வ்னே மார்தி?" என்றால் "நான் செவ்வாய்க்கிழமை வந்தால் என்ன?" என்று பொருள். எங்கள் "வந்தால் என்ன?" அப்படியே அங்கேயும் இருக்கிறது.

யாராவது அவசரப்படுத்தினால் இரண்டு வசனங்கள் கைகொடுக்கும். "ஜு வே ரெஃப்லெஷீர்" (யோசித்துச் சொல்கிறேன்). "வூ பூவே மு லெக்ரீர்?" (எழுதித் தருவீங்களோ?). எழுத்தில் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெரிந்தவரிடம் காட்டலாம். வாசிக்காத கடதாசியில் கையெழுத்து வேண்டாம்.

இது பரீட்சைக்கும் உதவும். பிரான்சின் 2024 ஜனவரிச் சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் பல வருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, பிரஜாவுரிமைக்கு பி2 என்று மொழித் தரம் கேட்கப்படுகிறது. எல்லாப் பிரிவினருக்கும் ஒரே விதி இல்லை. அகதி அந்தஸ்து பெற்ற குடும்பங்களின் நிலை வேறு. உங்களுக்குப் பொருந்துவதை உரிய அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள். பி1 தரத்துக்கான 'டெல்ஃப்' பரீட்சையின் வாய்மொழிப் பகுதியில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது உங்களைப் பற்றிய உரையாடல். இரண்டாவதில் பரீட்சகர் அயலவராகவோ கடைக்காரராகவோ நடிப்பார், நீங்கள் ஆயத்தம் இல்லாமலே அவருடன் பேசித் தீர்வுக்கு வர வேண்டும். மூன்றாவதில் சிறிய பத்தி ஒன்றை வாசித்துச் சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும், பத்து நிமிட ஆயத்தத்துடன். மொத்தம் 100 புள்ளிகளில் 50 எடுத்தால் சித்தி, ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் 25க்கு 5 ஆவது வேண்டும். அதாவது, தலையாட்டுபவருக்கு அங்கே புள்ளி இல்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது. வீட்டில் அடி உதை என்றால் அது பேரம் பேசும் இடமல்ல. பிரான்சில் 3919 என்ற இலக்கம் வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கானது. இலவசம், இரவு பகலாக இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 17 என்ற பொலிஸ் இலக்கம். பொலிஸ் விசாரணையிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்படியான இடங்களில் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் துன்பத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாரம்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்? நேர மாற்றத்துக்கான கடதாசி கையெழுத்துக்கு வந்தபோது, "ஜு வே ரெஃப்லெஷீர்" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினார். பிறகு போய், காரணத்தைச் சொல்லி, "எ சி..." என்று தொடங்கினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மூன்று நாள் காலை வேலை, இரண்டு நாள் மாலை வேலை என்று முடிந்தது. அந்த இரண்டு நாளும் மகளை மேல்மாடியில் இருக்கும் ஒரு தமிழ் அம்மா பார்த்துக்கொள்கிறார். "பாதிதான் கிடைச்சது மிஸ். ஆனா நான் கதைச்சு எடுத்தது" என்றார். அந்தக் குரல் தையல் வகுப்பில் நான் கேட்டறியாத குரல்.

பிரான்சுக்குப் போகாத சகோதரிகளே, இது உங்களுக்கும்தான். கடன் குழுக் கூட்டத்தில், பாடசாலைக் கூட்டத்தில், மகளின் கல்யாணப் பேச்சில் நாங்கள் சொல்லும் "ஓம்" எத்தனை தடவை "கேட்கிறேன்", எத்தனை தடவை "சம்மதம்"? இந்த மாதம் ஒரு நாளாவது "விளங்குது, ஆனால் என்ரை அபிப்பிராயம் வேறை" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.