அடுத்து நிற்பவர்

எங்கள் பங்கில் மாதம் ஒருமுறை முதியோர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் ‘அன்றாட வாழ்வில் கிறிஸ்தவப் பண்பு’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ச்சி, பொறுமை, மன்னிப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் கூட்டம், பாதிப் பேர் கண்ணயர்ந்திருப்பார்கள். எனக்கென்னவோ அப்படிப் பேச மனம் வரவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஞானோபதேசமும் பிரெஞ்சில்தான். பிறரை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையில் ‘பிறர்’ என்பதற்கு அங்கே வரும் சொல் ‘புரோஷேன்’. ‘அடுத்த மாதம்’ என்று சொல்வதற்கும் அதே சொல்தான். தமிழில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் ‘அடுத்திருப்பவர்’ என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் படித்தும், எழுத்தராக இருந்த அத்தனை வருடமும் என் மேசைக்கு முன்னால் அடுத்து வந்து நின்றவர்தான் அந்த ‘அடுத்திருப்பவர்’ என்று எனக்கு உறைக்கவில்லை.

1980களில் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். கணவர் அரசு வேலையில் இருந்தபோதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசையில் இருந்தது. நான் ஒரு குறிப்பு எழுதி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கால் மணி நேர வேலை. அலுவலகம் முடியவும் இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கோயிலில் சிலுவைப்பாதை ஆரம்பித்துவிடுமே என்ற அவசரம் எனக்கு. “திங்கட்கிழமை வாங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி விடுப்பில் போயிருந்தார். கோப்பு நகர மூன்று வாரம் ஆயிற்று. உத்தரவை வாங்க வந்தபோது அந்த அம்மாளின் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார். பையனுக்குப் பரீட்சைப் பணம் கட்ட அடகு வைத்ததாக எங்கள் பியூனிடம் சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, “ஐயா புண்ணியத்துல கிடைச்சுது” என்றார். என் தப்பால்தான் தாமதம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வருடப் பாஸ்குவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வீட்டில் கோபப்பட்டது, ஒரு ஞாயிறு பூசையைத் தவறவிட்டது எல்லாம் சொன்னேன். இது வாயில் வரவே இல்லை. நான் மனப்பாடம் செய்திருந்த பாவப் பட்டியலில் கோப்பு கிடையாது.

‘அலுவலகத்தில் சட்டம்தான் பேசும், அங்கே பண்புக்கு என்ன வேலை?’ என்று என்னோடு பணிபுரிந்த நண்பர்கள் கேட்பார்கள். சட்டத்தை வளைக்கச் சொல்லவில்லை. அதையும் செய்தவன்தான் நான். பங்குச் சாமியாரின் கடிதத்தோடு வருகிறவர்களின் மனுவைத் தூக்கி மேலே வைப்பேன். அதுதான் கிறிஸ்தவக் குணம் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. உண்மையில் அது, கடிதம் இல்லாமல் முன்னால் வந்து நின்றவரின் இடத்தைப் பிடுங்கி நம்மவருக்குக் கொடுத்ததுதான். பூசை காண்பதையோ சிலுவைப்பாதையையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றைச் சாக்காக வைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

‘மனசு திருந்தினால் செயல் தானாக வரும்’ என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். என் அனுபவத்தில் அது தலைகீழ். குழந்தை தெரேசாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் லிசியே மடத்தில் 24 வயதில், 1897இல் இறந்தவர். துணி துவைக்கும் இடத்தில் எதிரே இருந்த சகோதரி ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீரைத் தன் முகத்தில் தெறிக்கவிட்டதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக் காட்டலாமா என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியதாம். காட்டவில்லை, அங்கேயே நின்றார். தெறித்தவர் மேல் பிரியம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1997இல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் பட்டம் கொடுத்தது.

பள்ளியில் எங்களுக்கு ‘திக்தே’ உண்டு. வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும், பிழைக்குப் பிழை மதிப்பெண் போகும். எழுத்தின் தலையில் போடும் சின்னக் கோட்டைப் பிரெஞ்சின் மேல் காதல் வந்தா போட்டோம்? போட்டுப் போட்டுக் கை பழகிற்று. அந்த வெள்ளிக்கிழமை என் கை பேனாவை மூடத்தான் பழகியிருந்தது.

கூட்டத்தில் இந்தத் தோட்டுக் கதையைச் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “நாப்பது வருஷம் கழிச்சு, நாலு பேர் கூடுற எடத்துல இது எதுக்கு? உங்களைப் பத்தி என்ன நெனைப்பாங்க?” என்றாள் என் மனைவி. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எங்கள் கூட்டத்துக்குப் பாகூர்ப் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். பேசுவதாகத்தான் இருக்கிறேன்.