வாட்சன் அசடர் அல்லர்



எங்கள் பங்குப் பள்ளியின் ஆண்டு விழாவில் மாணவர்கள் துப்பறியும் நாடகம் ஒன்றை நடித்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸாக வேடமிட்ட சிறுவன், காதுமடல் வைத்த தொப்பியும் வளைந்த புகைக்குழாயுமாக மேடையேறியதுமே கைதட்டல் எழுந்தது. அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனாக வந்தவனோ தடுக்கி விழுந்தும், சொன்னதை விளங்கிக்கொள்ளாமல் விழித்தும் எல்லாரையும் சிரிக்க வைத்தான். விழா முடிந்தபின் அவன் என்னிடம் வந்து, "சாமி, வாட்சன் மெய்யாகவே அசடரா?" என்று கேட்டான்.

குருமடத்து விடுமுறைகளில் அந்தக் கதைகளை விரும்பிப் படித்தவன் நான். ஆயினும் உடனே விடை சொல்லாமல் மூலக் கதைகளை மீண்டும் புரட்டினேன். புரட்டப் புரட்ட, அவனுடைய கேள்வி நம் எல்லாருக்கும் உரியதென்று தோன்றிற்று. எழுதியவர் படைத்த ஒரு மனிதரை, ஓவியரும் நடிகரும் எவ்வளவு தூரம் மாற்றலாம்?

ஹோம்ஸைப் படைத்தவர் ஆர்தர் கானன் டாயில். ஸ்டோனிஹர்ஸ்டில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர். 1887-இல் தொடங்கி அவர் எழுதியவை நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும். அந்த 60-இலும் எங்கே தேடினாலும் 'மான்வேட்டைத் தொப்பி' என்ற பெயர் கிடையாது. 1891-இல் வெளிவந்த கதையொன்றில், தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்றுதான் ஆசிரியர் எழுதினார். 'ஸ்ட்ராண்ட்' இதழுக்குப் படம் வரைந்த சிட்னி பேஜட் என்னும் ஓவியரே அதை மான்வேட்டைத் தொப்பியாக்கினார். வளைந்த புகைக்குழாயை மேடையில் நிலைநாட்டியவர் வில்லியம் ஜில்லெட் என்னும் அமெரிக்க நடிகர். 1899-இல் ஹோம்ஸாக நடிக்கத் தொடங்கிய அவர், அவ்வேடத்தை 1,300 தடவைக்கு மேல் ஏற்றார்.

கதைகளில் ஹோம்ஸுக்குக் காதல் இல்லை. நாடகத்தில் அவரை மணமகனாக்கலாமா என்று ஜில்லெட் தந்தி வழியே கேட்டார். மணமுடித்தாலும் சரி, கொன்றாலும் சரி, உம் விருப்பம்போல் செய்யும் என்ற கருத்தில் டாயில் விடையனுப்பினார். தம் பாத்திரத்தின்மேல் அவருக்கு அத்தனை சலிப்பு! 1893-இலேயே ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தவரல்லவா அவர்? வாசகர்களோ அந்த முடிவை ஏற்கவில்லை. பத்தாண்டுகளுக்குள் ஹோம்ஸ் உயிரோடு திரும்ப வேண்டியதாயிற்று.

இனி, நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. 1911-இல் ஆக்ஸ்போர்டில் ரோனால்ட் நாக்ஸ் என்னும் இளைஞர் ஓர் கட்டுரை வாசித்தார். விவிலியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்த அக்கால அறிஞர்களின் முறையையே ஹோம்ஸ் கதைகள்மீது பிரயோகித்து, எது மூலம், எது இடைச்செருகல் என்று முகத்தில் சிரிப்பில்லாமல் வாதாடினார். அதைப் படித்த டாயில், தம் கதைகளை ஒருவர் இவ்வளவு பாடுபட்டு ஆராய்வதா என்று வியந்து நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த 60 கதைகளையும் 'திருமுறை' என்று வழங்கும் பழக்கம் அந்த வேடிக்கையிலிருந்து கிளைத்ததே. நாக்ஸ் 1917-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பின்னர் குருவானார். விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

விளையாட்டில் பிறந்த சொல்லேயானாலும் அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. திருமுறை என்றால் எல்லை உண்டு. திருச்சபையின் திருமுறை நூல்கள் 73 என்று 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. எல்லை தெரிந்தவனுக்கே எது மூலம், எது நம் சேர்க்கை என்பது விளங்கும். நம் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ஞானிகளை வைக்கிறோம். மத்தேயு நற்செய்தியிலோ அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவராயினர். இதில் குற்றமில்லை. ஆனால், இது நம் அன்பு சேர்த்த கணக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

இப்படிச் சேர்ப்பதில் இனிமையானதும் உண்டு. வாட்சனின் பெயர் ஜான். ஒரு கதையில் மட்டும் அவருடைய மனைவி அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். எழுதியவரின் மறதிதான்! ஆனால் நாவலாசிரியை டாரதி சேயர்ஸ் அதை மறதியென்று விட்டுவிட மனமின்றி, ஜானுக்கு அடுத்துள்ள 'ஹெச்' என்ற எழுத்து 'ஹேமிஷ்' என்பதன் சுருக்கம், அது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம் என்று விளக்கம் தந்தார். பிறர் பிழையை மூட நூலெடுத்துத் தைக்கும் அன்பு இது.

ஆனால் சேர்க்கை எல்லாம் அன்பாகிவிடாது. 1939 முதல் 1946 வரை வெளியான 14 திரைப்படங்களில் பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும், நைஜல் புரூஸ் வாட்சனாகவும் நடித்தனர். புரூஸ் நல்ல நடிகர். போர்க்கால மக்களைச் சிரிக்க வைத்தவர். ஆயினும் அவர் காட்டிய வாட்சன் ஒரு தடுமாற்றக் கிழவர். மூலத்தின் வாட்சனோ லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவராகப் பம்பாயில் வந்திறங்கி, 1880-இல் ஆப்கானிஸ்தானத்து மைவாண்ட் போரில் குண்டடிபட்டவர். துணிவும் நிதானமும் உள்ளவர். சிரிப்புக்காக ஒட்டப்பட்ட முகமூடி பல தலைமுறைகளுக்கு அவருடைய சொந்த முகமாகவே நிலைத்துவிட்டது.

இதில் வேதனை என்னவெனில், மூலக் கதைகளில் ஹோம்ஸுக்குக் கொக்கேயின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. அதிலிருந்து அவரைப் பல ஆண்டுகள் பொறுமையாக மீட்டவர் வாட்சனே. 1904-இல் வந்த கதையொன்றில் அவரே இதை ஆரவாரமின்றிக் குறிப்பிடுகிறார். அசடரென்று உலகம் சிரித்த மனிதர், அறிவாளியின் உயிரைக் காத்தவர்!

பிற்காலத்தில் ஜெரமி பிரெட் என்னும் ஆங்கில நடிகர் 1984 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் ஹோம்ஸாக நடித்தார். தாயன்பு காணாத ஒரு குழந்தைப் பருவத்தை ஹோம்ஸுக்கு அவரே மனத்தில் கற்பித்துக்கொண்டு நடித்தார். கதைகளில் இதற்கு ஆதாரமில்லை. ஆனால் தம் நிகழ்ச்சியைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்று அறிந்தபோது, ஹோம்ஸ் ஊசியை விட்டொழிப்பதாகக் காட்ட விரும்பி, டாயிலின் மகளிடம் அனுமதி கேட்டார். அனுமதி பெற்றபின், 1988-இல் ஒளிபரப்பான கதையில் கடற்கரை மணலில் ஹோம்ஸ் தம் ஊசியைப் புதைக்கிறார். அக்காட்சியை டாயில் எழுதவில்லை. எனினும் மூலத்தின் போக்குக்கு அது பகையன்று. அதே தொடரில் வாட்சனாக நடித்த இருவரும் அவரை மீண்டும் அறிவும் கண்ணியமும் உள்ள மருத்துவராகவே காட்டினர்.

இரண்டு சேர்க்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மூலத்தை நன்கு கற்று, உரியவரிடம் கேட்டு, பார்ப்போரின் நன்மைக்காகச் சேர்த்தார். மற்றது கேட்பாரின்றி, சிரிப்புக்காகச் சேர்ந்தது.

கற்பனை மனிதருக்கு நேர்ந்ததால் பெருங்கேடு இல்லை. புத்தகம் இருக்கிறது, திறந்து பார்க்கலாம். உயிருள்ள மனிதருக்கு நேர்ந்தால்? ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு வாட்சன் உண்டு. "அவனுக்கு ஒன்றும் தெரியாது", "அவள் ஒரு வெகுளி" என்று என்றோ ஒருநாள் சிரிப்புக்காகச் சொன்னோம். பெயர் ஒட்டிக்கொண்டது. மைத்துனர்களும் பேரப்பிள்ளைகளும் அதையே படித்தனர், மூலத்தை யாரும் திறக்கவில்லை. நோயாளித் தகப்பனின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவன் பலவேளை அந்த 'ஒன்றும் தெரியாதவன்'தான். எட்டாம் கட்டளையை நாம் நீதிமன்றச் சாட்சிக்கூண்டோடு நிறுத்திவிடுகிறோம். அது நம் சாப்பாட்டு மேசையிலும் செல்லும்.

அன்பர்களே, இம்மாதம் உங்கள் வீட்டு வாட்சனிடம் சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

அச்சிறுவனுக்கு என் விடையோடு பழைய கதைப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தான். "சாமி, அடுத்த வருடமும் நான்தான் வாட்சன். ஆனால் விழமாட்டேன்" என்றான்.